மாந்தோப்பில் ஒரு பருவம் ஓடிய ஸ்டீரியோ கேமரா

காவேரிப்பட்டினம் அருகிலுள்ள எங்கள் மாந்தோப்பில் மருந்து தெளிக்க நாங்களே கட்டிய மின்வண்டியில், தான் நகர்ந்த தூரத்தையும் திசையையும் படங்களிலிருந்தே கணக்கிடும், இரண்டு லென்சுகள் கொண்ட ஒரு ஸ்டீரியோ கேமராவைப் பூப்பருவம் முழுவதும் பயன்படுத்தினேன். அதுவரை சக்கரச் சுற்றுகளை எண்ணும் என்கோடரையே நம்பியிருந்தோம். ஈரச் செம்மண்ணில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றாலும் வண்டி முன்னேறியதாகவே அது கணக்கு வைத்தது. தழைத்த கிளைகளுக்கு அடியில் ஜிபிஎஸ்ஸும் கைகொடுக்கவில்லை. 2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி ஊர்திகளும், மணலிலும் சரிவிலும் சக்கரம் வழுக்கியபோது, படங்களிலிருந்து நகர்வைக் கணக்கிடும் இந்த முறையைத்தான் கையாண்டன.

அடிமரப் பட்டை, கல், சுள்ளி முனை போன்ற நூற்றுக்கணக்கான புள்ளிகள் அடுத்தடுத்த படங்களில் எவ்வளவு இடம் மாறின என்பதிலிருந்து வண்டியின் அசைவை மென்பொருள் கண்டறிகிறது. ஒற்றைக் கேமராவால் பாதையின் வடிவத்தை அறிய முடியுமே தவிர, நகர்ந்தது ஒரு மீட்டரா பத்து மீட்டரா என்று சொல்ல முடியாது. அந்த அளவுகோலைத் தருவது இரு லென்சுகளுக்கு இடையிலுள்ள தூரம். இதில் அது 6 சென்டிமீட்டர் மட்டுமே, என் கருத்தில் தோப்புக்கு இது போதாது. லென்சின் குவியத்தொலைவு பிக்சல் கணக்கில் 400 என்பதால், இரு லென்சுகளின் படங்களிலும் ஒரே புள்ளியைப் பொருத்துவதில் கால் பிக்சல் பிசகினாலே 3 மீட்டரிலுள்ள மரத்தின் தொலைவில் சுமார் 9 சென்டிமீட்டர் பிழை வரும். 12 மீட்டரிலுள்ள மரத்தில் அது 1.5 மீட்டராகும், ஏனெனில் பிழை தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது.

காலை வேளையில் வரிசைகளுக்கிடையே நேராக ஓடும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. நண்பகலில் இலைகளினூடே தரையில் விழும் வெயில் பொட்டுகள் காற்றில் ஆட, அவற்றையும் நிலையான புள்ளிகளாக எடுத்துக்கொண்டு கணக்கு தடுமாறியது. வரிசை முடிவில் சட்டெனத் திரும்பினால் படம் மங்கித் தடம் அறுந்தது. வேகத்தைப் பாதியாக்கி, முடுக்கத்தையும் திரும்பும் வேகத்தையும் அளக்கும் ஐஎம்யு உணரியின் அளவீட்டையும் சேர்த்த பிறகே அது சரியாயிற்று.

சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போவதால், முன்பு கண்ட இடத்தை மீண்டும் அடையாளம் கண்டு கணக்கைத் திருத்தும் வசதி அவசியம். மோட்டார் கொட்டகைக்குத் திரும்பும்போதெல்லாம் அது நன்றாக வேலை செய்தது. ஆனால் 10 மீட்டர் இடைவெளியில் ஒரே சீராக நிற்கும் மரங்களில் அடுத்த வரிசையையே பழைய வரிசை என்று முடிவுசெய்து, ஒருமுறை பாதி வரைபடத்தையே புரட்டிப் போட்டது. பிறகு ஒவ்வொரு வரிசை முனையிலும் ஏப்ரல்டேக் எனப்படும், கேமரா ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியக்கூடிய கறுப்பு வெள்ளைக் கட்டங்களை அச்சிட்டுக் கட்டினோம். செலவும் குறைவு, குழப்பமும் தீர்ந்தது.

பெரிய குறை உடலமைப்பில் இருக்கிறது. வரப்பில் இரண்டு வாரம் குலுங்கியதில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் லென்சுகளின் கோணம் இம்மியளவு மாற, எல்லாத் தூரங்களும் பிசகின. சதுரங்கக் கட்ட அட்டையைக் காட்டி மறுபடி அளவு திருத்துவது எப்படி என்பதைக் கையேடு அரைப் பக்கத்தில் முடித்துக்கொள்கிறது. வாங்குபவர்கள் உலோகக் கூடும், 12 சென்டிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் இடைவெளியும் உள்ளதைத் தேடுவது நல்லது; தெளிப்பான் பக்கமாக முகம் வைத்துப் பொருத்தினால் மருந்துத் துளி படிந்த கண்ணாடியை ஒவ்வொரு வரிசை முடிவிலும் துடைக்க வேண்டியிருக்கும்.