ரீமேப் செய்த டர்போ கார்: நான்கு கோடைகளுக்குப் பிறகு

ரயில்வே கேட் மூடியிருந்தது. வெளியே 39 டிகிரி. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஏசி போட்டபடி பன்னிரண்டு நிமிடம் நின்றேன். காரின் சென்சார் எண்களைப் படிக்கும் ஓபிடி ரீடரை இணைத்திருந்த போனில், என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை 44 காட்டியது. கொஞ்ச நேரத்தில் 51 ஆனது, பிறகு 58. கேட் திறந்தபோது 66. முன்னாலிருந்த வண்டிகள் நகர்ந்து சாலை காலியானதும் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டர் மிதியை முழுக்க அழுத்தினேன். பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறியது, சத்தம் ஏறியது, வண்டி மட்டும் கிளம்பவில்லை. வீட்டுக்கு வந்து லாக்கை, அதாவது போனில் பதிவாகியிருந்த சென்சார் எண்களை, திறந்து பார்த்தால், மூன்றாவது சிலிண்டரில் மட்டும் இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விடும் நேரத்தை) என்ஜினை இயக்கும் கணினியான ஈசியு 7 டிகிரி பின்னுக்கு இழுத்திருந்தது. இந்த டிகிரி வெப்பமல்ல, கிராங்க் சுழலும் கோணம்.

இது நடந்தது ரீமேப் செய்த, அதாவது கூடுதல் சக்திக்காக ஈசியுவின் மென்பொருளை மாற்றிய பிறகு வந்த முதல் கோடையில். அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க அந்தக் காரை ஓட்டுவதே தனி சந்தோஷம். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், ஸ்டேஜ் 1 ஃபைல் (பாகம் எதையும் மாற்றாமல் போடும் முதல்நிலை ரீமேப் மென்பொருள்), மற்றதெல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே. 2500 ஆர்பிஎம் தாண்டினாலே முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். கோடை வந்ததும் அதே வண்டி, அதே சாலையில் ரீமேப்புக்கு முன்பு இருந்ததைவிட மந்தமாகத் தெரிந்தது. பூஸ்ட் கசிவாக இருக்குமோ என்று ஹோஸ் கிளாம்ப் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை. அந்த லாக்கைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

டர்போ காற்றை அழுத்தும்போதே சூடாக்கிவிடுகிறது. வெளிக்காற்று 20 டிகிரி, வெளியழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு அழுத்தம், டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், டர்போவை விட்டு வெளிவரும் காற்று 110 டிகிரியைத் தாண்டுகிறது. வெளியே 40 என்றால் 135-ஐத் தாண்டும். அதைத் தணிக்க இன்டர்கூலர் இருக்கிறது, ஆனால் எவ்வளவு நல்ல இன்டர்கூலரும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே இறக்க முடியாது. அதே பூஸ்டில் 35 டிகிரி காற்றுக்குப் பதிலாக 65 டிகிரி காற்று உள்ளே போனால், சிலிண்டருக்குக் கிடைக்கும் காற்றின் நிறை கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைந்துவிடும். பூஸ்ட் மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது. முள் அதே இடத்தில்தான் நிற்கும்.

அந்த 9 சதவீதத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டேன். பெரிய அடி நாக்கிங்கில் விழுகிறது. தீப்பொறியில் கிளம்பிய சுடர் சிலிண்டரின் மறுமூலைக்குப் போய்ச் சேரும் முன்பே, அங்கிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகப் பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். நாக் சென்சார் அந்த அதிர்வைப் பிடித்ததும் ஈசியு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. என்ஜின் பிழைக்கிறது, இழுவை போய்விடுகிறது. கலவை தாமதமாக எரிவதால் எக்ஸாஸ்ட் வாயு இன்னும் சூடாக வெளியேறுகிறது. அதைத் தணிக்க ஈசியு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கிறது, மைலேஜும் இறங்குகிறது. இன்னொன்றும் உண்டு: காற்று போதவில்லை என்றதும் குறித்த டார்க்கை (முறுக்குவிசையை) எட்டுவதற்காக டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றப் பார்க்கும் ஈசியுக்களும் இருக்கின்றன. அப்போது காற்று மேலும் சூடாகிறது. கம்பெனி ஃபைலில் இதற்கெல்லாம் இடம் விட்டுவைத்திருப்பார்கள். அந்த இடத்தை எடுத்துத்தான் ரீமேப்பில் நமக்குக் கூடுதல் சக்தியாகக் கொடுக்கிறார்கள்.

எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் ஒன்று இதில் உண்டு. லாக்கை எடுத்துக்கொண்டு, ரீமேப் செய்துகொடுத்தவரிடம் போனேன். வெயிலில் எல்லா டர்போ வண்டியும் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாதங்கள் கழித்து, ரீமேப் செய்யும் வேறொரு டியூனர் அந்த ஃபைலைத் திறந்து காட்டினார். இன்டேக் காற்று (என்ஜினுக்குள் போகும் காற்று) சூடாகச் சூடாக டைமிங்கை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளும் அட்டவணை ஒன்று ஈசியுவில் இருக்கும். என் ஃபைலில் 50 டிகிரிக்கு மேற்பட்ட கட்டங்கள் எல்லாவற்றிலும் பூஜ்ஜியம் போட்டிருந்தது. எந்த நேரமும் வண்டி வேகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யும் வேலை அது. ஒரு கோடை முழுக்க என் என்ஜினுக்கு நாக் சென்சார் ஒன்றுதான் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. நாக்கிங் வந்த பிறகு அடக்குவதும், வராமலே பார்த்துக்கொள்வதும் ஒன்றல்ல. புது ஃபைலில் அந்த அட்டவணையை மீட்டெடுத்து, வெப்பம் 60-ஐத் தாண்டினால் பூஸ்டும் தானாகக் கொஞ்சம் இறங்கும்படி செய்துகொடுத்தார். என்ஜின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் உச்ச சக்தி முன்பைவிட 6 குதிரைத்திறன் குறைவு. உச்சிவெயிலில் ஓட்டும்போது வண்டி முன்பைவிட நன்றாகப் போகிறது.

டைனோ தாளை நம்பிப் பணம் கட்டுபவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அதில் இருப்பது அளந்த எண்ணா, திருத்திய எண்ணா? எஸ்ஏஇ ஜே1349 என்ற அளவீட்டுத் தர முறைப்படி திருத்தினால், 25 டிகிரி வெப்பத்தில் 990 மில்லிபார் உலர்காற்றில் ஓட்டியதுபோல எண்ணை மாற்றிவிடுவார்கள். டர்போ இல்லாத என்ஜினுக்கு அது சரியாகப் பொருந்தும். டர்போ என்ஜினோ தனக்கு வேண்டிய அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் வெயில் நாளில் எடுத்த அளவைத் திருத்தும்போது எண் உண்மைக்கு மேலே போய்விடலாம். திருத்தாத எண்ணும், அந்த நேரத்து இன்டேக் வெப்பநிலையும் சேர்த்துக் கொடுங்கள் என்று நான் இப்போது கேட்டு வாங்குகிறேன்.

இனி மாற்றிய பாகங்கள். முதலில் போட்டது திறந்த கோன் ஏர் ஃபில்டர். சத்தம் அருமையாக இருக்கும். ஆனால் அது உறிஞ்சுவது ரேடியேட்டரைத் தாண்டி வந்து பானெட்டுக்குள் சுற்றும் சூடான காற்றை. சிக்னலில் நிற்கும்போது வெப்பநிலை முன்பைவிட வேகமாக ஏறியதைப் பார்த்துவிட்டு, இரண்டே வாரத்தில் கம்பெனியின் மூடிய ஏர்பாக்ஸையே திரும்ப மாட்டிவிட்டேன். பம்பரின் முன்வாயிலிருந்து காற்றெடுக்கும் அந்த பிளாஸ்டிக் குழாய்க்கு ஈடு இல்லை.

இரண்டாவது கோடைக்கு முன் பெரிய இன்டர்கூலர் போட்டேன். நான்கு வருடத்தில் செய்த செலவில் முழு மனதோடு பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான். பழையதில் தொடர்ந்து மூன்று முறை முழு மிதி கொடுத்தால், மூன்றாவது முறை வெப்பநிலை தொடங்கிய இடத்துக்கு இறங்காது. இன்டர்கூலர் சூட்டில் ஊறிப்போயிருக்கும். புதியதின் கனமான அலுமினியக் கட்டை முதல் சில நொடி வெப்பத்தைத் தானே வாங்கிக்கொள்கிறது, பரப்பும் பெரிது என்பதால் காற்றோட்டம் கிடைத்ததும் சீக்கிரம் ஆறுகிறது. குறை என்றால், குறைந்த ஆர்பிஎம்மில் பூஸ்ட் வருவதற்கு ஒரு நூலிழை தாமதம். ஓடாமல் நிற்கும்போது இதுவும் சூடாகத்தான் செய்யும். அதைத் தடுக்க எந்த இன்டர்கூலராலும் ஆகாது.

ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த (வெப்பத்தைச் சீக்கிரம் கடத்திவிடும்) ரகத்துக்கு மாற்றி, அதில் தீப்பொறி தாவும் இடைவெளியையும் கொஞ்சம் குறைத்தேன். சிறிய வேலை, மனநிம்மதி பெரிது. கோடையில் 95-க்குப் பதில் 98 ஆக்டேன் (நாக்கிங்கைக் கூடுதலாகத் தாங்கும்) பெட்ரோல் போடும்போது டைமிங் இழுப்பு பாதியாகக் குறைவது லாக்கில் தெளிவாகத் தெரிகிறது.

உள்ளே போகும் காற்றில் தண்ணீர்-மெத்தனால் தெளிக்கும் கிட் பற்றியும் பலமுறை யோசித்தேன். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2250 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது, அதனால் பலன் நிச்சயம் இருக்கும். ஆனால் அதை நம்பி எழுதிய ஃபைலில், டேங்க் காலியாகியோ முனை அடைத்தோ போனால் அடுத்த முழு மிதியிலேயே பிஸ்டன் போகலாம். தினமும் ஓட்டும் வண்டிக்கு அந்தக் கவலை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

புழுக்கமான நாட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 35 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், காற்றழுத்தத்தில் 4 சதவீதத்துக்கும் மேல் நீராவியின் பங்கு. அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைவு. ஆனால் நீராவி எரிதலைச் சற்றுத் தணிப்பதால் நாக்கிங் குறைகிறது. வறண்ட 40 டிகிரி நாளில் டைமிங் கண்டபடி தாவும், புழுக்க நாளில் வண்டி சீராக ஓடும், ஆனால் கொஞ்சம் சோம்பலாக.

ஓட்டும் முறையும் மாறிவிட்டது. நெரிசலிலிருந்து வெளியே வந்ததும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நிதானமாக உருட்டி, வெப்பநிலை 50-க்குக் கீழே வந்த பிறகே மிதியைத் தொடுகிறேன். ஒரு நுணுக்கம்: நின்று கிளம்பியதும் காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. சென்சாரும் அதைச் சுற்றியுள்ள உலோகமும் சூடேறியிருப்பதால், காற்று ஓடத் தொடங்கிய முதல் சில நொடிகள் உண்மையைவிட அதிகமாகவே காட்டும். விரட்டி ஓட்டிய பிறகு கடைசி சில நிமிடம் மெதுவாக வருகிறேன், இல்லையென்றால் டர்போ பேரிங்கில் தேங்கும் ஆயில் கரியாகிவிடும். கோடையில் ஆயிலையும் 7000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன்.

போன மாதம் அதே ரயில்வே கேட், ஏறத்தாழ அதே வெயில். நின்றிருந்தபோது 57 வரை ஏறியது. கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் 46. மூன்றாவது கியரில் முழு மிதி கொடுத்தபோது நான்கு சிலிண்டரிலும் சேர்த்துப் பார்த்ததில் அதிகபட்ச இழுப்பு ஒன்றரை டிகிரி. இன்னும் தீராமல் இருப்பது ஆயில் வெப்பம்தான். மலைப்பாதையில் தொடர்ந்து ஏறினால் 125 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. ஐந்தாவது கோடைக்கு முன் ஆயில் கூலர் போட வேண்டும், ஏர்பாக்ஸ் குழாயை மறைக்காமல் அதை எங்கே பொருத்துவது என்று அளந்துகொண்டிருக்கிறேன்.