ஆர்கான் வெல்டிங் என்று சொல்லி எபாக்ஸி பசை பூசிக் கொடுத்தார்கள்: மதுரை ஆர்எக்ஸ் 100 காரர்களே, கவனம்

கிரான்க் கேஸ் (இன்ஜினின் கீழ்ப்பகுதியில் இருக்கும் அலுமினியக் கூடு) உடைந்த வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போகிறவர்கள் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "ஆர்கான் அடித்துத் தருகிறோம்" (ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் உலோகத்தை உருக்கி ஒட்டும் வெல்டிங்) என்று கேஸை வாங்கி, உடைந்த இடத்தில் எபாக்ஸி பசையை அப்பி, மேலே சில்வர் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு வெல்டிங் கூலியும் வாங்கிக்கொண்டார்கள்.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100, 1994 மாடல். சித்தப்பா ஓட்டி, பிறகு என்னிடம் வந்தது. 1996-இல் உற்பத்தியே நின்றுபோன வண்டி என்பதால் நல்ல ஒரிஜினல் கேஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் போகும்போது செயின் அறுந்தது. அறுந்த செயின் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) சுருண்டு, இடது பக்கக் கேஸின் சுவரில் ஒரு துண்டைப் பெயர்த்துவிட்டது. அங்கிருந்து ஒரு விரிசலும் ஓடியிருந்தது. கியர் ஆயில் முழுக்க ரோட்டில்.

நகருக்குள் இருக்கும் அந்தப் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. கேஸைப் பார்த்ததும் பட்டறைக்காரர் சொன்ன முதல் யோசனை இது: "அண்ணே, எங்கிட்ட வேற கேஸ் இருக்கு. மாத்திட்டு உங்க நம்பரையே பஞ்ச் பண்ணிக் கொடுத்துடுறேன்."

இதற்கு மட்டும் யாரும் தலையாட்டாதீர்கள். இன்ஜின் நம்பர் கேஸில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது, ஆர்சி புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. 15 வருடம் முடிந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கும்போது ஆர்டிஓ அலுவலகத்தில் நம்பரைப் பார்ப்பார்கள். அடித்து மாற்றிய நம்பர் என்று தெரிந்தால் திருட்டு வண்டி என்ற சந்தேகம் உங்கள் தலையில் விழும். அந்த "வேற கேஸ்" எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? கேஸை மாற்றியே ஆக வேண்டுமென்றால் பில்லோடு வாங்கி, ஆர்டிஓவில் எழுதிக் கொடுத்து, ஆர்சியில் பதிந்துகொள்ள வேண்டும்.

வேண்டாம், இதையே வெல்டிங் பண்ணிக் கொடுங்கள் என்றேன். கூலி 4,500 ரூபாய், பாதி அட்வான்ஸ். பில் கேட்டதற்கு "வேலை முடியட்டும்ணே" என்றார்.

வண்டி திரும்பி வந்தபோது கேஸ் பளபளவென்று இருந்தது. இன்ஜின் சூடேறியதும் கசிய ஆரம்பித்தது. போய்க் கேட்டால் "பேக்கிங் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் வைக்கும் தாள்) செட்டாகட்டும்" என்றார். அடுத்த முறை "பழைய மெட்டல், அப்படித்தான் இருக்கும்." அப்புறம் போனையே எடுக்கவில்லை.

எங்கள் டூ ஸ்ட்ரோக் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் திருநகரில் ஒரு நண்பனின் ஷெட்டில் கூடுவது வழக்கம். அங்கே இன்ஜினை இறக்கினோம். கே.புதூர் சிட்கோவில் லேத் வைத்திருக்கும் நண்பன் பெயின்டைச் சுரண்டிவிட்டு ஹீட் கன்னைக் காட்டினான். பசை இளகி ஸ்குரூ டிரைவர் முனையில் உரிந்து வந்தது. "மாப்ள, இதுல வெல்டிங்கே இல்லடா" என்றான். விரிசல் அப்படியே கிடந்தது. எண்ணெயைக்கூடத் துடைக்காமல் பூசியிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. டூ ஸ்ட்ரோக்கில் இந்த விரிசல் கிரான்க் அறை (பெட்ரோலும் காற்றும் கலந்த மிக்சர் முதலில் வந்து சேரும் இடம்) வரை போயிருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கும், மிக்சரில் பெட்ரோல் குறையும், பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். ஓடும் வேகத்தில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பட்டறை வைத்திருப்பவருக்குத் தெரியாதா?

உண்மையான வேலை எப்படி நடக்கும் என்பதை அதற்குப் பிறகுதான் அந்த லேத் நண்பன் பக்கத்தில் நின்று பார்த்தேன். முக்கால்வாசி உழைப்பு சுத்தம் செய்வதிலேயே போகிறது. பழைய தோசைக்கல் போல அந்த அலுமினிய வார்ப்பு வருடக்கணக்கில் எண்ணெய் குடித்திருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவி, தின்னரில் துடைத்து, சூடு காட்டினால் உள்ளிருக்கும் எண்ணெய் வியர்த்து வெளியே வரும். மறுபடி துடைத்து, மறுபடி சூடு காட்ட வேண்டும். விரிசல் முடியும் இடத்தில் சின்னத் துளை போட்டார்கள், மேற்கொண்டு ஓடாமல் இருக்க. விரிசல் நெடுக 'வி' வடிவில் பள்ளம் எடுத்தார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதன் மேலே இருக்கும் ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் ஏசி மின்சாரத்தில் டிக் வெல்டிங் (ஆர்கான் வெல்டிங் என்பது இதைத்தான்) செய்கிறார்கள், அந்த மின்சாரம் படலத்தை உடைத்துக் கொடுக்கும். இவ்வளவு செய்தும் முதலில் வைத்த வெல்டில் குமிழி குமிழியாக வந்தது. அதை அரைத்து எடுத்துவிட்டு, சுத்தம் செய்வதிலிருந்து திரும்பத் தொடங்கினான். இரண்டு பக்கக் கேஸையும் பழைய பேரிங்குகளோடு போல்ட் போட்டு இறுக்கி வைத்துத்தான் சூடு காட்டினான், இல்லாவிட்டால் வளைந்து பேரிங் வீடுகள் (பேரிங் உட்காரும் குழிகள்) நேர் தப்பிவிடும். கடைசியில் கண்ணாடித் தட்டில் எமரி தாள் ஒட்டி, இணையும் முகத்தைத் தேய்த்துச் சமம் பார்த்தோம்.

சோதனைக்குக் காசே தேவையில்லை. வெல்டிங் வெளிப்பக்கம் சாக்பீஸ் தூளைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி வைத்துவிடுங்கள். விரிசல் மிச்சமிருந்தால் வெள்ளையில் ஈரக்கோடு தெரியும். எங்கள் கேஸில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. இதையெல்லாம் பார்க்க வேண்டுமானால் கேஸ் பெயின்ட் இல்லாமல் உங்கள் கைக்கு வர வேண்டும். "பெயின்ட் நான் அடித்துக்கொள்கிறேன், வெல்டைக் காட்டுங்கள்" என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்கிற பட்டறையில் கேஸை விடாதீர்கள்.

அட்வான்ஸ் அனுப்பிய யூபிஐ பதிவும், உரித்தெடுத்த பசையின் படங்களும், அவருடைய வாட்ஸ்அப் செய்திகளும் என்னிடம் இருக்கின்றன. பணத்தைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் கொடுக்கலாம், வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். இதே போல ஏமாந்தவர்கள் படங்களையும் பணம் கொடுத்த ஆதாரத்தையும் அழிக்காமல் வையுங்கள்.

கேஸ் உடைந்து வீட்டில் நிற்கும் ஆர்எக்ஸ் யாரிடமாவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநகர் ஷெட்டுக்கு எடுத்து வாருங்கள். வெல்டிங் தாங்குமா, கேஸையே மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறோம், அதற்குக் காசு வேண்டாம்.