கற்றாழையோடு ஒன்பது வருஷம்: தடவியதும் குடித்ததும் நிறுத்தியதும்

2016-ல் பாளையங்கோட்டையில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, ஆச்சி ஒரு பழைய பெயிண்ட் டப்பாவோடு வந்தாள். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மணலும் செம்மண்ணும் கலந்து, நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சோற்றுக்கற்றாழைக் கன்று. "வீட்ல ஒரு வைத்தியச்சி இருக்கட்டும்ட்டி" என்று மொட்டைமாடிப் படி ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். அந்த ஒரு கன்றிலிருந்து பிரித்து நட்டதுதான் இன்று மாடியில் நிற்கும் பதினோரு தொட்டிகள்.

இத்தனை வருஷத்தில் நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை என ஐந்து பேருமே இதை ஏதாவது ஒன்றுக்குப் பயன்படுத்தியிருக்கிறோம். சிலவற்றுக்கு அருமையாகக் கேட்டது, சிலவற்றுக்கு ஒன்றுமே செய்யவில்லை. இரண்டு முறை எங்களுக்குக் கெடுதலாகவும் முடிந்தது. கற்றாழை பற்றி நல்லது மட்டும் சொல்கிறவர்கள் நிறைய இருப்பதால், அந்த இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் மடலை அறுப்பது. இதைச் சரியாகச் செய்யத் தெரியாமல் கற்றாழையைத் தொடவே கூடாது என்பேன். அடியில் இருக்கும் முற்றிய மடலாகப் பார்த்து, தண்டை ஒட்டி அறுக்க வேண்டும். நடுக்குருத்தில் கை வைக்கக் கூடாது. அறுத்ததும் வெட்டுவாயில் மஞ்சளாக ஒரு பால் கசியும். மூக்கருகே கொண்டுபோனால் குமட்டுகிற பச்சை நெடி, நாக்கில் பட்டால் அரைமணி நேரம் போகாத கசப்பு, வெள்ளைத் துணியில் பட்டால் கறை. மடலின் வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் சாய்த்து நிறுத்திவிடுவேன். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் டம்ளரின் அடியில் அந்த மஞ்சள் தண்ணீர் தேங்கி நிற்கும். ஆச்சி சொல்வாள்: "வடியட்டும்ட்டி, அவசரப்படாத. அதுதான் வயித்தப் பொரட்டுறது."

வடிந்தபிறகு இரண்டு ஓரத்து முள்ளையும் சீவி, தோலைக் கொஞ்சம் கனமாகவே எடுப்பேன். ஏழு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கழுவுவது அவசியம்தான். ஆனால் அந்த மஞ்சள் பால் இருக்கும் இடம் பச்சைத் தோலுக்கு நேர் அடியில். தோலை மெல்லிசாகச் சீவிவிட்டு ஏழு தரம் கழுவினாலும், ஓரத்தில் மஞ்சள் கோடு ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சோறு கொஞ்சம் வீணாகப் போனாலும் பரவாயில்லை என்று கனமாகச் சீவினால், நுங்கு மாதிரி கண்ணாடியாக, கையில் நிற்காமல் வழுக்கும் சதை மட்டும் மிஞ்சும். அதில் கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணீர்தான். மிச்சம் இருக்கும் கொஞ்சத்தில் உள்ள மாவுச்சர்க்கரைச் சத்துகள்தான் அந்த வழவழப்பைத் தருகின்றன.

ஒரே மடலுக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. உள்ளே இருக்கும் நிறமில்லாத சோறு ஒன்று, தோலடியில் இருக்கும் மஞ்சள் பால் இன்னொன்று. இந்த ஒன்று விளங்கியிருந்தால் எங்கள் வீட்டில் நடந்த பாதித் தொல்லை நடந்திருக்காது.

எங்களுக்கு அதிகம் உதவியது தீச்சூட்டுக்கு. தோசைக்கல்லில் விரல் படுவது, குழம்பு தெறிப்பது, எண்ணெய்ப் பொட்டு என்று சமையல்கட்டில் வாரம் ஒன்றாவது நடக்கும். முன்பெல்லாம் இட்லி மாவை அள்ளி அப்புவோம், இல்லையென்றால் பற்பசை. இப்போது முதலில் குழாய்த் தண்ணீர். சுட்ட இடத்தை இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும், இதில் எந்தச் சமரசமும் இல்லை. பொறுமையாக நிற்பது கஷ்டம், ஆனால் சூடு உள்ளே இறங்காமல் காப்பது அந்தத் தண்ணீர்தான். அதற்குப் பிறகு, தோல் சிவந்து எரிகிற அளவு மட்டும் என்றால், குளிர்ந்த கற்றாழைச் சோற்றை மெல்லிய பூச்சாகத் தடவுவேன். காய்ந்ததும் மறுபடி ஒரு பூச்சு. எரிச்சல் நன்றாக அடங்கும். லேசான தீப்புண் சீக்கிரம் ஆறக் கற்றாழை உதவுகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. எங்கள் அனுபவமும் அப்படியே.

ஆனால் 2019-ல் குக்கர் ஆவி அடித்து என் மணிக்கட்டில் கொப்புளம் கிளம்பியது. மறுநாள் துணி துவைக்கும்போது அது உடைந்துவிட்டது. கற்றாழைதானே, தடவினால் ஆறிவிடும் என்று மாடிக்குப் போய் ஒரு மடலை ஒடித்து, வடியவிடாமல், கழுவாமல், திறந்த புண்ணில் நேராகத் தேய்த்தேன். மூன்றாம் நாள் சீழ் வைத்துவிட்டது. மருத்துவமனையில் பத்து நாள் கட்டு மாற்றினார்கள். "மாடில தூசியும் பறவை எச்சமும் பட்டுக் கெடக்கிற இலைம்மா அது, மருந்துக் கடையிலருந்து வந்த களிம்பு இல்ல" என்று மருத்துவர் சொன்னது சரிதான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கொப்புளம் உடைந்தது, ஆழமாகச் சுட்டது, முகத்தில் பட்டது, பிள்ளைகளுக்குப் பட்டது எதுவானாலும் இப்போது கற்றாழைப் பக்கம் போவதில்லை. அறுவை சிகிச்சைத் தையல் போட்ட புண்ணுக்கும் வேண்டாம். அப்படிப் பூசியவர்களுக்குப் புண் ஆறத் தாமதமானதாக 1991-லேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது.

வேர்க்குருவுக்கு இதற்கு ஈடு எதுவும் இல்லை. எங்கள் ஊர் அக்கினி நட்சத்திரம் எப்படி இருக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். சின்னவனுக்கு முதுகு முழுக்கச் சிவந்து, ராத்திரி தூங்காமல் சொறிவான். சோற்றை மிக்ஸியில் ஒரு சுற்று அடித்து, ஃப்ரிட்ஜில் வைத்து, குளித்து ஈரம் காய்ந்ததும் தடவிவிடுவேன். பவுடர் போடுவதைவிட எவ்வளவோ மேல், துவாரம் அடைபடுவதில்லை. என் கணவர் சவரம் செய்தபின் கழுத்து எரிச்சலுக்குத் தடவுகிறார், வேறு லோஷன் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது.

குதிகால் வெடிப்புக்கு இரண்டு மாசம் விடாமல் போட்டேன், கேட்கவில்லை. கற்றாழை தண்ணீர்ச் சதை, வெடிப்புக்கு எண்ணெய்ப் பிசுக்கு வேண்டும். கண்ணுக்கடியில் கருவளையமும் அப்படித்தான், ஒரு மாற்றமும் இல்லை. பெரியவளுக்குப் பருவில் சிவப்பு குறைந்தது, பரு வருவது நிற்கவில்லை.

தலைமுடி விஷயத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். கற்றாழை மடலை நடுவில் பிளந்து, உள்ளே வெந்தயத்தைத் தூவி, மூடி நூலால் கட்டி ஒரு ராத்திரி வைத்தால், காலையில் வெந்தயம் ஊறிப் பருத்திருக்கும். அந்தச் சோற்றையும் வெந்தயத்தையும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவது ஆச்சியின் பக்குவம். சலசலப்பு முழுசாக அடங்கும்வரை சிறுதீயில் வைக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் நின்றாலும் ஒரு மாசத்தில் எண்ணெய் சிக்கு நாற்றம் அடித்துவிடும், எனக்கு இரண்டு தடவை அப்படி ஆகியிருக்கிறது. இந்த எண்ணெயில் முடி மெத்தென்று சிக்கு விழாமல் இருக்கிறது, உச்சந்தலை அரிப்பும் குறைகிறது. புதிதாக முடி முளைத்ததா என்றால், எனக்கு முளைக்கவில்லை. சின்னவன் பிறந்த பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டியது நின்றதைக் கற்றாழையால்தான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்குப் பின் கொட்டுவது பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே நின்றுவிடும் என்று பிறகுதான் தெரிந்தது.

இனிக் குடித்த கதை. 2018 வாக்கில் வாட்ஸப்பில் தினமும் ஒரு செய்தி: வெறும் வயிற்றில் கற்றாழைச் சாறு, சர்க்கரை போகும், எடை போகும், மலச்சிக்கல் போகும். காலை நடைக்குப் போகிற மைதானத்து வாசலிலும் தள்ளுவண்டியில் விற்றார்கள். நாங்கள் வீட்டிலேயே செய்தோம். சத்து வீணாகக் கூடாது என்று தோலோடு சேர்த்து மிக்ஸியில் அடித்து, மோரும் இஞ்சியும் உப்பும் போட்டு ஆளுக்கொரு டம்ளர். முதல் நாளே எனக்கு அடிவயிற்றில் முறுக்கிப் பிடித்து, மதியத்துக்குள் நாலு தரம் போயிற்று. கழிவு வெளியேறுகிறது, நல்லதுதான் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

அத்தைக்கு அப்போது அறுபத்தாறு வயது. ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் நீர் பிரியும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மலச்சிக்கல் சரியாகிவிட்டது என்று சந்தோஷமாகத் தினமும் குடித்தார்கள். மூன்று வாரத்தில் ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. பிறகு நடக்கத் தெம்பில்லை, நெஞ்சு படபடப்பு. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ரொம்பக் குறைந்திருந்தது. "மாத்திரை தவிர வேறென்ன சாப்பிடுறீங்க?" என்று மருத்துவர் கேட்டபோது, கற்றாழையை ஒரு பொருட்டாக நினைத்துச் சொல்லக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அத்தைதான் பேச்சுவாக்கில் "காலைல மோர்ல கத்தாழை குடிப்பேன், அவ்வளவுதான்" என்றார்கள். அந்த மஞ்சள் பால் பேதியாக்கி உடம்பிலிருந்து பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போகும், நீர் மாத்திரையும் அதே வேலையைச் செய்யும், இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம் என்று அவர் விளக்கினார். நான் என் கையால் அரைத்துக் கொடுத்த டம்ளர் அது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

பிறகுதான் தேடிப் படித்தேன். கற்றாழைப் பால் சேர்ந்த பேதி மாத்திரைகளை 2002-லேயே அமெரிக்காவில் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். தோலோடு எடுத்த முழு மடல் சாற்றை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற ஐயப்பட்டியலில் வைத்திருக்கிறது. எலிகளுக்கு நீண்டநாள் கொடுத்துப் பார்த்ததில் குடலில் கட்டி வந்ததுதான் அதற்கு அடிப்படை. தோலும் பாலும் நீக்கிய வெறும் சோற்றைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வீட்டு மிக்ஸியில் அரைக்கிற சாற்றில் பால் எவ்வளவு கலந்தது என்று யாரால் அளக்க முடியும்? எங்கள் வீட்டில் குடிப்பதை அடியோடு நிறுத்திவிட்டோம்.

சித்த வைத்தியத்தில் இதற்குக் குமரி என்று பெயர், குமரி லேகியம் போன்ற மருந்துகள் உண்டு என்று சிலர் என்னிடம் வாதாடுவார்கள். உண்டுதான். அந்த மஞ்சள் பாலைக் காயவைத்த கருப்புக் கட்டியையே நாட்டுமருந்துக் கடையில் கரியபோளம், மூசாம்பரம் என்று விற்கிறார்கள். அடிபட்டு வீங்கிய இடத்தில் பற்றுப்போட ஆச்சி வாங்கி வைத்திருப்பாள். உள்ளுக்குக் கொடுப்பதென்றால் ஆள் பார்த்து, அளவு பார்த்து வைத்தியர்தான் கொடுக்க வேண்டும் என்று அவளே சொல்வாள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது என்பதில் அவள் ரொம்பக் கண்டிப்பு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சர்க்கரை மேலும் இறங்கிவிடலாம், தங்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

முதல்முறை தடவுகிறவர்கள் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். என் தங்கைக்கு அரைமணியில் தடித்துவிட்டது, அவளுக்கு ஆகாது. இன்னொன்று, எல்லாக் கற்றாழையும் சோற்றுக்கற்றாழை இல்லை. ரயில் பாதை ஓரத்தில் நார் எடுக்க வளர்ப்பார்களே, ஆனைக்கற்றாழை, அதன் சாறு பட்டால் தோல் அரித்துக் கொப்புளிக்கும். நுனியில் ஊசி மாதிரி முள்ளும் உள்ளே பிரிபிரியாக நாரும் இருந்தால் அது வேறு செடி.

கடையில் பச்சை நிறத்தில் வரும் ஜெல்லை ஊருக்குப் போகும்போது வாங்கியிருக்கிறேன். கற்றாழைச் சோற்றுக்கு நிறமே கிடையாது, அந்தப் பச்சை சேர்க்கப்பட்ட சாயம். டப்பாவின் பின்னால் உள்ள பட்டியலில் கற்றாழை எத்தனையாவதாக வருகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வீட்டுச் சோறு ஃப்ரிட்ஜில் நாலு நாள் தாங்கும். இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் கொட்டிவிடுவேன். அதிகமாக இருந்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்வது வசதி.

வளர்ப்பதில் ஒரே ஒரு தப்புதான் எல்லாரும் செய்வது, தண்ணீர் ஊற்றிக் கொல்வது. முதல் வருஷ மழையில் வெளியே விட்டு இரண்டு தொட்டி அழுகிப்போயின. இது பகலில் இலைத் துவாரத்தை மூடிக்கொண்டு ராத்திரியில் திறந்து மூச்சுவிடுகிற செடி, அதனால் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். திருஷ்டிக்கென்று வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டது மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாசக்கணக்கில் பச்சையாக இருப்பது இதனால்தான். வெயிலில் மடல் செம்பழுப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், கொஞ்சம் நிழலுக்கு நகர்த்தினால் பச்சை திரும்பிவிடும்.

ஆச்சி கொடுத்த தாய்ச்செடி இப்போது பெரிய சிமெண்ட் தொட்டியில் நிற்கிறது. இந்தத் தை மாசம் மஞ்சள் பூக்கதிர் விட்டது, காலையில் தேன்சிட்டு வந்து தலைகீழாகத் தொங்கிக் குடித்துவிட்டுப் போகும். அடியில் கிளம்பிய பக்கக்கன்றுகளில் இரண்டைப் போன வாரம் பிரித்து நட்டேன். ஒன்று எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு. இன்னொன்றைப் பெரியவள் கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோகப் போகிறாள், கூடவே மஞ்சள் பால் வடியவிட ஓர் எவர்சில்வர் டம்ளரும் எடுத்து வைத்திருக்கிறேன்.