பி550 மாற்று போர்டு, இரண்டு வருடம் கழித்து: கிராஷ் இல்லை, கடுப்பு உண்டு

"ரைசன் 5 5600 நல்லா இருக்கு, போர்டு மட்டும் போச்சு, எதை வாங்கலாம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கான பதில் நீண்டுவிட்டது. இங்கே பேசுவது நான் இரண்டு வருடமாக ஓட்டும், நான்கு ராம் ஸ்லாட் கொண்ட ஒரு மைக்ரோ ஏடிஎக்ஸ் பி550 (ரைசனுக்கான சிப்செட்) மதர்போர்டைப் பற்றி. அதில் 5600 பிராசஸர், இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 3200 ராம், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு. கம்பெனி பெயர் வேண்டாம். கீழே வரும் நோய் ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதல்ல.

காசு கொடுக்கும் முன் செத்தது போர்டுதானா என்று பாருங்கள். போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து, ஒரே ஒரு ராம், கிராபிக்ஸ் கார்டு, வேறொரு எஸ்எம்பிஎஸ், புது சிஆர்2032 பேட்டரி போட்டு எழுப்பிப் பார்க்க வேண்டும். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் சோதித்துவிட்டு "டிஸ்ப்ளே வரல, போர்டு அவுட்" என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய.

போர்டுதான் என்றால் பி550 போதும். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன் (போர்டோடு பேசும் பிசிஐஇ பாதை) கார்டு. முந்தைய தலைமுறை பி450-இல் பிசிஐஇ 3.0-க்கு இறங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. நான்கே லேன் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வைத்திருப்பவருக்கு மட்டும் பி450 வலிக்கும். பின்னாளில் 5800எக்ஸ்3டி பிராசஸர் போடும் எண்ணம் இருந்தால், விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதி) மேல் ஹீட்சிங்க் இல்லாத மலிவு ஏ520 பக்கமே போகாதீர்கள். 5800எக்ஸ்3டி 105 வாட் சிப். சாக்கெட் வழியாக 142 வாட் வரை இழுக்கும். விஆர்எம் கொதித்தால் பிராசஸர் வேகம் ஆட்டத்தின் நடுவில் தொப்பென்று விழும்.

இனி அந்தக் கடுப்பு. இரவில் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால், சில நாள் திரை வராது. இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் விண்டோஸ் திறக்கும். ராம் மட்டும் 3200-இலிருந்து 2400-க்கு இறங்கியிருக்கும். ஒரு எச்சரிக்கை கூட வராது! மின்சாரம் முழுதாகப் போனபின் போர்டு ராமைப் புதிதாகப் பழக்கிப் பார்க்கிறது. எக்ஸ்எம்பி அமைப்பு தரும் முழு வேகத்தில் அது தோற்றால் பாதுகாப்பான வேகத்துக்கு ஓடிவிடுகிறது. ரைசனில் பிராசஸரின் பாகங்களை இணைக்கும் உள்பாதையும் ராமோடு சேர்ந்து ஓடுவதால் அதுவும் 1600 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1200-க்கு வருகிறது. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்கள்) அவ்வளவாகக் குறையாது. கேமில் கூட்டமான இடங்களில் மட்டும் திக்கும். நாம் கிராபிக்ஸ் டிரைவரை அழித்து, விண்டோஸையே மறுபடி போட்டு, கடைசியில் கேமைத் திட்டுவோம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ஸ்பீட் அங்கேயே எழுதியிருக்கிறது.

பேட்டரியா, பழக்கலா என்று பிரித்துப் பார்ப்பது எளிது. தேதியும் நேரமும் சேர்ந்து தப்பியிருந்தால் பேட்டரி; தேதி சரியாக இருந்து எக்ஸ்எம்பி மட்டும் போயிருந்தால் பழக்கல். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டாண்ட்பை வோல்டேஜே கடிகாரத்தைக் காக்கும். தினமும் சுவிட்சை அணைக்கும் வீட்டில் அந்தச் சுமை பேட்டரிமேல் விழுவதால் அது சீக்கிரம் தேயும். மல்டிமீட்டரில் 2.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். பழக்கல்தான் என்றால் ராம்கள் பிராசஸர் பக்கத்திலிருந்து 2, 4 ஆம் ஸ்லாட்டுகளில் இருக்கின்றனவா பாருங்கள். பயாஸில் எஸ்ஓசி வோல்டேஜை (பிராசஸருக்குள் ராமைக் கையாளும் பகுதிக்கானது) ஆட்டோவில் விடாமல் 1.10 வோல்ட், ராமை 1.35-லிருந்து 1.37 வோல்ட் ஆக்கினால் பெரும்பாலும் அடங்கும். அப்படியும் வந்தால் 2933-க்கு இறக்கி நிம்மதியாக இருங்கள். மாற்றியபின் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று ஓட விடுங்கள், ஒரு பிழை கூட வரக்கூடாது.

கடையில் நெடுநாள் கிடந்த போர்டில் பழைய பயாஸ்தான் (போர்டை எழுப்பும் மென்பொருள்) இருக்கும். அதனுள் இருக்கும் ஏஎம்டியின் அடிப்படை நிரலான ஏஜிசா 1.2.0.2-க்கு முந்தையது என்றால் யுஎஸ்பி மவுஸும் ஹெட்செட்டும் அடிக்கடி அறுந்து அறுந்து சேரலாம்; 1.2.0.7-க்கு முந்தையதில் எஃப்டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) காரணமாகத் திக்கல் வரலாம். அதனால் பிராசஸர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கும் போர்டையே எடுங்கள். இந்தப் போர்டில் அது இருக்கிறது, அருமை. பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருக்க வேண்டும், ஃபைல் பெயர் கையேட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பாதிப் பேர் தோற்பது இந்தப் பெயரில்தான்.

பழைய போர்டு கொஞ்சமாவது எழும் நிலையில் இருந்தால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீயை முதலில் எழுதி வையுங்கள். எஃப்டிபிஎம் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கும். கூலரை நேராகப் பிடுங்காதீர்கள். ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் பிராசஸரில் இருப்பதால் காய்ந்த பேஸ்ட்டோடு சிப்பும் கையோடு வந்துவிடும். லேசாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும். கேபினெட்டில் தேவையில்லாத இடத்தில் ஸ்டேண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சின்னத் திருகுக்கால்) இருந்தால் கழற்றிவிடுங்கள், ஷார்ட் ஆகும்.

இரண்டு வருடத்தில் ஒரு நீலத்திரை வரவில்லை. யுஎஸ்பி ஒழுங்கு, விஆர்எம் சூடு அளவோடு. பத்துக்கு எட்டு தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நண்பரை இந்தப் போர்டை வாங்கச் சொல்லவில்லை. சிபியு, ராம், விஜிஏ, பூட் என்று எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் நான்கு சின்ன எல்இடி கூட இதில் இல்லை. இருட்டில் மூன்று முறை அணைந்து எழும்போது அது ஏன் என்று சொல்ல வாயில்லை. அந்த நான்கு எல்இடி இருக்கும் வேறு பி550-ஐத்தான் வாங்கச் சொல்லியிருக்கிறேன், சில நூறு ரூபாய் கூடப் போனாலும்.