கொரோனாவுக்குப் பின் காணாக்கடி: செட்டிரிசினா, ஃபெக்ஸோஃபெனடினா?

கொரோனா தோலிலும் தெரியும். 2020-இல் ஸ்பெயின் தோல் மருத்துவர்கள் கொரோனாவோடு தோலிலும் மாற்றம் தெரிந்த 375 பேரைப் பார்த்து, அந்த மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். 47 சதவீதம் பேருக்குத் தட்டம்மை மாதிரி சிவந்த தடிப்பு, 19 சதவீதம் பேருக்கு அரிப்போடு திட்டுத் திட்டாகத் தடிக்கும் காணாக்கடி. எனக்கு வந்தது காணாக்கடி. ஒரு தடிப்பு சில மணி நேரத்தில் அடங்கும், அதற்குள் வேறிடத்தில் இன்னொன்று கிளம்பும். வீட்டில் அம்மை என்றே நினைத்து வேப்பிலை கட்டினார்கள். நீர் கோத்த கொப்புளம் இருந்தால் அந்தச் சந்தேகம் நியாயம்தான், டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

கலமைன் லோஷன் குளிர்ச்சி தரும். சென்னை வியர்வையில் எவ்வளவு நேரம் நிற்கும்?

அரிப்பை அடக்க மாத்திரைதான் வேண்டும். செட்டிரிசின் மலிவு, எந்த மெடிக்கலிலும் கிடைக்கும், எனக்குச் சீக்கிரமே கேட்டது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஆனாலும் நான் ஃபெக்ஸோஃபெனடினுக்கு மாறினேன். காரணம் தூக்கம். குளோர்ஃபெனிரமைன் போன்ற பழைய மாத்திரைகள் நேரே மூளைக்குள் போய் ஆளைச் சாய்க்கும். செட்டிரிசினில் அது குறைவு, ஆனால் சிலருக்கு உண்டு. நான் அந்தச் சிலரில் ஒருத்தி. இரவு போட்டாலும் காலையில் மந்தம் தெளியாது. ஓஎம்ஆர் சாலையில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டிப் போகிறவளுக்கு அது விளையாட்டில்லை. ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் அநேகமாகப் போவதே இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தது 180 மில்லிகிராம், தினம் ஒன்று. காலையில் போட்டுவிட்டுத் தெளிவாக வண்டி எடுத்தேன்.

விலை கூடுதல். சாப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும்: தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் உடம்பில் சேரும் மருந்து குறைந்துவிடும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் மருந்துகளும் அப்படியே. சற்று இடைவெளி விடுங்கள்.

வீட்டிலேயே இருப்பவர், இரவு தூங்கினால் போதும் என்பவர் செட்டிரிசினோடு நிறுத்திக்கொள்ளலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எது சரி என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை, டாக்டரைக் கேளுங்கள்.

ஒரே தடிப்பு ஒரு நாளைத் தாண்டி நின்றால், வலித்தால், கன்றிய தழும்பு விட்டால் அது சாதாரணக் காணாக்கடி இல்லாமலிருக்கலாம். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால் எந்த மாத்திரைக்கும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.