அறுந்த வலையா, கடலில் போன உயிரா: பகைக்கு எதை விதையாக்குவது?

தமிழகக் கடற்கரையில் நடக்கும், பகையில் தொடங்கிக் காதலில் முடியும் நாவல், அதிலும் எழுதுபவருக்கு முதல் நாவல் என்றால், பகைக்குக் காரணமாக வலையே மேல். அவன் விசைப்படகின் இழுவை மடி (இழுத்துச் செல்லும் பெரிய வலை), அவள் வீட்டு நாட்டுப்படகு விரித்த வலையை இரவில் அறுத்துப்போகும். மிஞ்சுவது நாலு மிதவையும் கயிறும். 1983 சட்டம் விசைப்படகு கரையை நெருங்காமலிருக்கக் கடலில் ஒரு கோடு போட்டது. அவன் அதற்குள் வந்தானா என்பதே ஊர்ச் சண்டைக்குப் போதும். நட்டஈடு கொடுத்தாலும் பகை தீராது, அவள் வீட்டார் மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் கழுத்தில் நிற்கும். பிறகு கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்க, அவன் ஊசியும் நூலுமாக அவள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் பின்னலாம். வசனமே வேண்டாம்.

உயிர் போன கதை கனமானது. அவள் அண்ணன் போன படகில் சுக்கான் பிடித்தவன் இவன் என்றால், இரண்டு மாதத்தில் காதல் வராது. ஓராண்டுக் கதைக்காலமாவது வேண்டும். உடல் கரை ஒதுங்கியதா இல்லையா என்பதையும் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் அவள் காத்திருப்பதே கதையாகிவிடும். பலர் சறுக்குவது பாவசங்கீர்த்தனக் காட்சியில் (கத்தோலிக்கர் பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்வது): பாதிரியார் காதில் சொன்னதோடு அவனைத் தப்பவிடுகிறார்கள். அவள் அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல வைக்க வேண்டும்.