டயர் லேபிளில் முதலில் பார்க்க வேண்டிய எழுத்து: மைவியில் ஏழு ஆண்டு ஓட்டிய அனுபவம்

இங்கே மலேசியாவில், பெரோடுவா மைவி 1.5 காரை 2018 தொடக்கத்தில் எடுத்தேன். வீடு செந்தூலில், வேலை ஷா ஆலாமில், அம்மா இருப்பது பட்டர்வொர்த்தில். ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் ஓடும். இப்போது நான்காவது செட் டயர் போட்டிருக்கிறேன். முதல் செட் வண்டியோடு வந்தது. இரண்டாவது செட்டை விலை மட்டும் கேட்டு வாங்கினேன். மூன்றாவது செட்டைத்தான் லேபிளைப் படித்து வாங்கினேன். அது 58,000 கிலோமீட்டர் ஓடிய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாவது செட்டிலிருந்து தொடங்குகிறேன். 2021 மார்ச்சில், நான்கு டயரும் சேர்த்து 560 வெள்ளிக்கு (ரிங்கிட்) போட்டேன். அந்த ஆண்டு நவம்பரில் ஒரு ஞாயிறு மாலை, கிள்ளானில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு ஃபெடரல் நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழக்கமான ஐந்து மணி மழை. கோத்தா டாருல் ஏசான் தோரண வளைவைத் தாண்டியதும் முன்னால் போன வண்டி சட்டென்று நின்றது. நானும் பிரேக்கை அழுத்தினேன். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) காலடியில் தடதடவென்று அடித்தது, ஆனால் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் முன்வண்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பின் இருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வீடு வந்து சேரும்வரை நானும் மனைவியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பிரேக்கைச் சோதிக்கச் சொல்லி வீட்டுக்கு அருகே ஒரு கடையில் விட்டேன். அங்கே வேலை செய்யும் தம்பி நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். "அண்ணே, பிரேக்கில் ஒன்றும் இல்லை. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். ரோட்டைப் பிடிக்கிறது டயர்தான்" என்றார். டயரில் பூ நிறைய இருந்தது. (மலாய் மொழியில் டயர்க் கோடுகளுக்குப் பூ என்றே பெயர். அதைக் கேட்டுக் கேட்டு நாங்களும் 'பூ தேய்ந்துவிட்டது' என்போம்.) பூ இருந்தும் ஏன் வழுக்கியது என்று கேட்டேன். டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு சிறு வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 3518. அதாவது 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. நான் வாங்கியபோதே அதற்கு இரண்டரை வயது. ஆனால் அவர் நியாயமாகவே பேசினார். வெயில் படாமல் நன்றாக வைத்திருந்தால் வயது மட்டும் இவ்வளவு செய்யாது, அந்த டயரின் ரப்பர் கலவையே ஈரத்துக்கு ஆகாது என்றார். மாடல் பெயரை வைத்து ஐரோப்பிய லேபிள் இருக்கிறதா என்று தேடினோம், கிடைக்கவில்லை. அந்த லேபிள் என்ன என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பரில் கொண்டுவந்து, 2021 மே மாதம் திருத்திய காகித லேபிள் அது. இறக்குமதி டயர்கள் சிலவற்றில் ஒட்டியபடியே இங்கும் வரும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருப்பதைப் போலப் பச்சையிலிருந்து சிவப்பு வரை வண்ணக் கோடுகள். பெட்ரோல் பம்பு படத்துக்குக் கீழே எரிபொருள் சிக்கனம், மழை படத்துக்குக் கீழே ஈரச் சாலையில் பிடிப்பு. இரண்டுக்கும் ஏ (A) முதல் இ (E) வரை ஐந்து தரம், ஏதான் சிறந்தது. அதற்கும் கீழே, ஓடும்போது எழும் சத்தம் டெசிபலில் இருக்கும். பழைய லேபிளில் ஜி வரை ஏழு எழுத்துகள் இருந்தன. ஆகவே பழைய லேபிளையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் பெட்ரோல் எழுத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏ தரத்துக்கும் இ தரத்துக்கும் இடையே எரிபொருளில் 7.5 விழுக்காடு வரை வேறுபடலாம் என்பது அந்த லேபிளுக்கான விளக்கம். என் வண்டி 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும், ஆண்டுக்கு 1,200 லிட்டர். அப்போது ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 2.05 வெள்ளி. ஆண்டுச் செலவு 2,460 வெள்ளி, அதில் 7.5 விழுக்காடு 185 வெள்ளி. அதுவும் கடைசித் தரத்திலிருந்து முதல் தரத்துக்குப் போனால்தான். சியிலிருந்து பிக்குப் போனால் மிச்சமாவது அதில் ஒரு சிறு பங்கு. ஐரோப்பாவில் பெட்ரோல் விற்கும் விலைக்கு அந்த எழுத்து பெரிய விஷயம். மானிய விலையில் எண்ணெய் ஊற்றும் நமக்கு அவ்வளவு இல்லை.

மழை எழுத்து அப்படியல்ல. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஈரச் சாலையில் முழுப் பிரேக் அடித்தால், நான்கும் ஏ தரமாக உள்ள வண்டி, நான்கும் இ தரமாக உள்ள வண்டியைவிட 18 மீட்டர் வரை முன்னதாக நிற்கும். 18 மீட்டர் என்றால் நான்கு மைவி வரிசையாக நிற்கும் நீளத்துக்கும் மேல். ஃபெடரல் நெடுஞ்சாலையில் எனக்கு மிஞ்சியது ஒரு முழம். கோலாலம்பூரில் மழை எந்த மாதத்திலும் எந்த மாலையிலும் வரும். அதனால் இந்த எழுத்தில் ஏ, முடியாவிட்டால் பி. அதற்குக் கீழே என் குடும்பம் ஏறும் வண்டிக்கு வாங்க மாட்டேன்.

சத்தத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் எனக்கும் இருந்தது. அந்த டெசிபல் வண்டிக்கு வெளியே, சாலையோரத்தில் அளப்பது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் காதில் விழுவதை அது சொல்லாது. 70 டெசிபல் என்று போட்டிருந்த என் டயர், தார்ச்சாலையில் அமைதியாகவும் கான்கிரீட் பகுதிகளில் 'ஊ' என்றும் ஓடியது. சத்தத்தை மட்டும் அதே வண்டி ஓட்டுபவரிடம் கேட்பதுதான் சரி.

2022 ஏப்ரலில் வாங்கிய மூன்றாவது செட், ஈரப் பிடிப்பு ஏ, எரிபொருள் சி. ஒன்று 245 வெள்ளி. அளவு வண்டிக்கு உரிய 185/55 ஆர்15 82வி. 82 என்பது ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்பதற்கும், வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதற்கும் குறி. வாங்கும்போது ஒன்று தெரிந்துகொண்டேன். ஒரே பெயருள்ள டயரானாலும் அளவு மாறினால் லேபிள் எழுத்தும் மாறலாம். நண்பர் வண்டியில் ஏ என்பதால் நம் அளவுக்கும் ஏ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிய லேபிளில் உள்ள க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் பிடித்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிவேட்டில் அந்த டயருக்கு உரிய பக்கமே திறக்கும்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "இதில் நம் மரத்துப் பால் இருக்கா, ஐயா?" கூலிம் பக்கம் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டியவர் (ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்) அவர். இருக்கிறது, ஆனால் கார் டயரில் செயற்கை ரப்பரும் நிறையக் கலக்கிறார்கள், லாரிக்கும் விமானத்துக்கும் போகும் டயரில்தான் மரத்துப் பாலின் பங்கு அதிகம் என்றேன். முன்பு டயருக்குக் கரித்தூள் மட்டும் சேர்த்தார்கள், இப்போது சிலிக்காவும் சேர்ப்பதால்தான் ஈரத்தில் பிடிப்பும் கிடைக்கிறது, உருளும்போது வீணாகும் சக்தியும் குறைகிறது என்றும் சொன்னேன். "மழையில் மரம் வெட்ட முடியாது. மழையில் ஓடுகிறதுக்கு இவ்வளவு வேலையா" என்று டயரைத் தொட்டுப் பார்த்தார்.

சரி, ஓட்டிய அனுபவம். 12 வெள்ளிக்கு ஒரு பூ ஆழமானி வாங்கி வண்டியிலேயே வைத்திருக்கிறேன். புதிதில் 7.8 மில்லிமீட்டர். 20,000 கிலோமீட்டரில் 6.1. 40,000-இல் 4.4. ஒவ்வொரு 10,000-க்கும் முன் டயரைப் பின்னுக்கு மாற்றி, அலைன்மென்ட் பார்த்தேன். காற்றை மாதம் இருமுறை, வண்டி சூடாகும் முன், ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கே வைத்தேன். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எண் அது தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடிப்பவர்களை இன்னும் பார்க்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெட்ரோல் செலவில் பழைய செட்டுக்கும் இதற்கும் நான் உணரக்கூடிய வேறுபாடு எதுவும் இல்லை. மழையில் பிரேக் அடித்தால், கால் வைத்த இடத்திலேயே வண்டி அமர்வதுபோல் இருந்தது. இரண்டு முறை அது என்னைக் காப்பாற்றியது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் 52,000 கிலோமீட்டர் தாண்டி, பூ 3.4 மில்லிமீட்டர் இருந்தபோது, ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் இடையே, மெனோரா சுரங்கப்பாதை இறக்கத்தில் கனமழை. தேங்கிய நீரில் ஏறியதும் ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் போனது. ஒரு நொடிதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் பிடித்திருந்தேன், வண்டி மீண்டும் சாலையைப் பிடித்தது. லேபிளில் ஏ போட்ட அதே டயர்தான். லேபிள் சொல்வது புது டயரின் கதை, அதுவும் மெல்லிய நீர்ப்படலத்தில் பிரேக் அடித்துப் பார்த்த கதை. குளம்போல் தேங்கிய நீரில் டயர் மிதக்குமா என்பதை அது அளப்பதே இல்லை. அந்த நீரை வெளியே தள்ளுவது பூவின் ஆழம், காற்றழுத்தம், நம் வேகம், இவை மூன்றும்தான். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். கோடுகளுக்குள் சிறு மேடாக இருக்கும் அடையாளத்தைத் தொடும்வரை தேய்வது அதுதான். நம் ஊர் மழைக்கு அது மிகவும் தாமதம் என்பது என் முடிவு. 3 மில்லிமீட்டர் வந்ததும் மாற்றிவிட்டேன்.

லேபிள் சொல்லாத இன்னொன்று ஆயுள். அதற்குப் பக்கச் சுவரில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். அது அமெரிக்க முறை, நிறுவனங்கள் தாங்களே சோதித்துப் போடுவது. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

2025 மார்ச்சில் அதே தம்பியின் கடைக்குப் போனேன். இரண்டு டயரை எடுத்து வைத்தார். ஒன்று எரிபொருள் ஏ, ஈரம் பி. மற்றது எரிபொருள் சி, ஈரம் ஏ, ஒன்றுக்கு 20 வெள்ளி அதிகம். "அண்ணே, நீங்க எதை எடுப்பீங்கன்னு தெரியும்" என்று சொல்லி இரண்டாவதைத் திருப்பி எண்ணைக் காட்டினார். 4724. நான்கு டயரிலும் ஒரே வாரமா என்று பார்த்துவிட்டுத் தலையசைத்தேன். இப்போது 8,000 கிலோமீட்டரில் 7.1 மில்லிமீட்டர். அடுத்து அளப்பது தீபாவளிக்குப் பட்டர்வொர்த் கிளம்பும் முன்.